குளோரின் போட்டதும் தண்ணீர் ஏன் பழுப்பாகிறது?

வணக்கம் ஐயா. சென்னையில் நீலாங்கரை, உத்தண்டி பக்கம் வீட்டு நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்யும் தொழிலைத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் போர் தண்ணீர் நிரப்பி குளோரின் போட்டதும் டீ நிறமாகிவிட்டது. வேக்வம் போட்டால் உறிஞ்சிய அழுக்கு திரும்பக் குளத்துக்கே வருகிறது. இன்னொன்று, மருந்தையும் சேர்த்து மாதம் இவ்வளவு என்று பேசிவிடலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குளோரின் மீது தப்பில்லை. போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகப் பிரிந்துவிடும். இனி எந்தக் குளத்தையும் நிரப்பும் முன், வெள்ளை வாளியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து நாலு சொட்டு திரவக் குளோரின் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். பழுப்பேறினால் லாரி தண்ணீருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே நிறம் மாறிய குளத்துக்குப் படிகாரம்தான் மருந்து. முதலில் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்: நீளம் 8 மீட்டர், அகலம் 4, சராசரி ஆழம் 1.25 என்றால் 40,000 லிட்டர். அதற்கு 2 கிலோ படிகாரத்தைக் கரைத்துப் பரவலாக ஊற்ற வேண்டும். படிகாரம் காரத்தன்மையைக் குறைக்கும். காரத்தன்மை 80 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தால் முன்பே சமையல் சோடா போடுங்கள். இந்த அளவு தண்ணீரில் 10 பிபிஎம் ஏற்ற சுமார் 700 கிராம் பிடிக்கும். ஃபில்டரின் வால்வை ‘ரீசர்குலேட்’டில் (தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் சுற்றும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். காலையில் துரு தரையில் மெத்தை போலப் படிந்திருக்கும். வேக்வம் தலையை மெதுவாக, தூசி கிளம்பாமல் நகர்த்துங்கள். அப்போது வால்வு ‘வேஸ்ட்’டில் (உறிஞ்சியது குளத்துக்குத் திரும்பாமல் வெளியே போகும் நிலை) இருக்க வேண்டும். நீங்கள் ‘ஃபில்டர்’ நிலையில் வைத்து உறிஞ்சியிருப்பீர்கள். அந்த நுண்துகள் ஃபில்டர் மணலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். மோட்டார் ஓடும்போது வால்வைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழிந்தால் எந்த நிலையில் வைத்தாலும் தண்ணீர் வேஸ்ட் குழாயில் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலில் பலரைக் கவிழ்ப்பது டிசிசிஏ எனும் குளோரின் மாத்திரை. அதிலிருந்து 10 பிபிஎம் குளோரின் கிடைத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேரும். வெயிலில் குளோரின் பறந்துவிடாமல் காக்க 30 முதல் 50 பிபிஎம் வரை அந்த அமிலம் தேவைதான். ஆனால் குளோரின் தீர்ந்தாலும் அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடும். தினம் 2 பிபிஎம் குளோரின் வீதம் மாத்திரையிலேயே ஓட்டினால் மூன்று மாதத்தில் அமிலம் 100-ஐ எட்டிவிடும். அப்புறம் சோதனையில் குளோரின் காட்டும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது, சுவரில் பாசியும் பிடிக்கும். பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே அமிலம் 40 வந்ததும் திரவக் குளோரினுக்கு மாறுங்கள். 10 சதவீதச் சரக்கு 400 மில்லி விட்டால் இந்தக் குளத்தில் 1 பிபிஎம் ஏறும். பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்) 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும்.

பைக்கில் போகிறவர் என்றால் கெஞ்சிக் கேட்கிறேன்: டிசிசிஏவையும் இன்னொரு குளோரின் மருந்தான கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள், ஒரே டம்ளரில் அள்ளாதீர்கள். இரண்டும் கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். குளோரின் மேல் ஆசிட் பட்டால் விஷவாயு. எதையும் தண்ணீரில்தான் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பகுதியில் குளத்தை முழுக்க வடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கடலோரம் நிலத்தடி நீர் மேலேறியிருக்கும். காலிக் குளத்தைக் கீழிருந்து தூக்கி விரிசல் விடவைத்துவிடும்.

விலை விஷயத்தில், மருந்தைச் சேர்த்து ஒரே தொகை பேச வேண்டாம். நல்ல மழை ஒன்று, பிறந்தநாள் விருந்து ஒன்று, அந்த மாதக் குளோரின் இரட்டிப்பாகும். வாரம் இரண்டு வருகைக்கு ஒரு கூலி. மருந்துக்குத் தனி பில். பாசி பிடித்துப் பச்சையாகிக் கிடக்கும் குளத்தை மீட்பது மாதக் கூலியில் அடங்காது, அதற்குத் தனி விலை. ஒவ்வொரு முறையும் அளந்த எண்களை மோட்டார் அறையில் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் கேள்வி கேட்டால் அந்த நோட்டைக் காட்டுங்கள்.