தில்லியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிப்பவர் ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் எங்கே தேடுவது?

வகுப்பு முடிந்து ஆர்.கே.புரம் அறைக்குத் திரும்புவதற்குள் கல்லூரி நூலகம் மூடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலிருந்தே மின்னிதழ்களுக்குள் நுழைய ஐடி கிடைக்குமா என்று முதலில் நூலகரிடம் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன. பலர் இதைக் கேட்காமலே கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

ஐடி கிடைக்கவில்லையா? சரி, ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் (JSTOR) இலவசக் கணக்கு தொடங்குங்கள். 30 நாளுக்கு 100 கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம்.

நான் அதிகம் நம்புவது ஷோத்கங்காவை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலும் இயலுக்கு ஒரு பிடிஎஃப் என்று பிரித்தே ஏற்றியிருப்பார்கள். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஆய்வேட்டில், கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் திறங்கள். யாரைப் படிக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆய்வேட்டின் தரம் ஏறியிறங்கும், அதனால் அதன் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் அந்தப் பெயர்களை ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்காலரில் போட்டு, அவர்களைப் பின்னால் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பாருங்கள்.

மூலநூல்களுக்கு, பழைய நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளம் போதும். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் ஃபோல்கர் நூலகத் தளத்தின் பதிப்பை எடுங்கள். வரி எண்களோடு இருப்பதால் மேற்கோள் காட்ட வசதி. கவிஞர் வில்லியம் பிளேக்கை ஆய்வுக்கு எடுத்திருந்தால், அவர் படைப்புகளைத் தொகுத்திருக்கும் பிளேக் ஆர்க்கைவ் தளத்தை விடாதீர்கள். ஒரே கவிதையின், கையால் வண்ணம் தீட்டிய வெவ்வேறு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்ண மாற்றங்களைப் பார்க்கலாம்.