இறுக்கமான சாக்ஸ்: முதலில் காலைப் பாருங்கள்

தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நிற்கிறது. கம்ப்ரெஷன் சாக்ஸ் போட்டால் சரியாகுமா?

நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது அது சிரையைப் பிழியும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கும். நின்றுகொண்டே இருந்தால் பிழிய ஆளில்லை. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் பிடிக்கும் சாக்ஸ் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். வீக்கமும் கடுப்பும் குறையும். சுருண்ட சிரை மறையாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் வால்வைப் பார்த்துத்தான் அதற்கு வழி சொல்ல முடியும்.

ஒருவர் சாயங்காலம், கால் வீங்கியிருக்கும்போது அளவெடுத்து வாங்கினார். மறுநாள் காலை அது தொளதொளவென்று வழிந்தது. வழியாமல் இருக்க மேல் விளிம்பை இரண்டாக மடித்துவிட்டார். என்னிடம் வந்தபோது முழங்காலுக்குக் கீழே விரல் பதிகிற ஆழத்துக்குப் பள்ளம். அதற்குக் கீழே இன்னும் அதிக வீக்கம். எழுந்தவுடன் அளவெடுங்கள்: கணுக்காலில் மெலிந்த இடம், கெண்டையில் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். விளிம்பை மடிக்கவே கூடாது.

இன்னொன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. தயங்காமல் கேளுங்கள்.

பெசன்ட் நகரில் தினமும் ஓடுகிறேன். கெண்டைக்காலை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் காஃப் ஸ்லீவ் போட்டால் வேகம் கூடுமா?

வேகத்துக்காக என்றால் காசை ஷூவுக்குப் போடுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் தசைவலி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். காலுக்கு அழுத்தம்தான் வேண்டும் என்றால், நீச்சல் குளத்தில் மார்பளவு நீரில் நின்றாலே கணுக்காலில் கிட்டத்தட்ட 90 மி.மீ. அழுத்தம் விழும். (பி.பி. அளக்கும் அதே பாதரசக் கணக்கு.) கால் சிரை நோயால் அவதிப்பட்ட அமெரிக்கப் பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட், குளத்தில் நின்றபோது கிடைத்த இதத்தைக் கவனித்துத்தான் கணுக்காலில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் பிடிக்கும் காலுறையை வடிவமைத்தார். குளத்தைத்தான் சொல்கிறேன், எலியட்ஸ் கடலில் இறங்கிப் பரிசோதிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு வயது 68, இருபது வருஷமாகச் சுகர். கால் வீங்குகிறது, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. ஆன்லைனில் 30–40 மி.மீ. அழுத்த சாக்ஸ் வாங்கிவிட்டேன்.

போட்டுவிடாதீர்கள். நடந்தால் வலி, நின்றால் சரி என்றால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கலாம். ரத்தம் கீழே வரவே திணறும் காலை வெளியிலிருந்தும் நெருக்கினால் தோல் அழுகும் நிலைகூட வரும். சுகரால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் புண் வந்தால் அவருக்கே தெரியாது.

கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுத்துப் பார்க்கும் ஏ.பி.ஐ. சோதனை செய்யச் சொல்லுங்கள். 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சுகர்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு எண் பொய்யாக ஏறவும் செய்யும், 1.3, 1.4 என்று வந்தால் 'நார்மல்' என்று நிம்மதியடையாமல் டாப்ளரும் பாருங்கள்.

பிரஷர் மாத்திரைப் பட்டையையும் திருப்பிப் பாருங்கள். அம்லோடிபின் என்றிருந்தால் இரண்டு கால் வீக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். இதயம், சிறுநீரகம் இரண்டையும் அவர் பார்த்துவிடட்டும்.

அம்மா மகளைப் பார்க்க ஃப்ராங்க்ஃபர்ட் போகிறார். விமானத்தில் போடலாமா?

நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் போடலாம். முழங்காலுக்குக் கீழ் வரை, 15–20 மி.மீ. அழுத்தம் போதும். முன்பே ரத்தக்கட்டி வந்திருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். போய்ச் சேர்ந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம்; தைலம் தேய்த்து உருவிவிட வேண்டாம், உடனே மருத்துவமனை. மூச்சுத்திணறல் இருந்தால் ஆம்புலன்ஸ்.

மே மாத வேர்வையில் சாக்ஸ் ஏறவே மாட்டேன் என்கிறது!

குளித்த ஈரம் நன்றாகக் காய்ந்தபின், வேர்க்கும் முன் போடுங்கள். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, முதலில் பாதத்தை நுழையுங்கள். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நீவினால் வழுக்காமல் ஏறும். இரவில் கழற்றி லேசான சோப்பில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும். தினமும் போடுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும்.