சென்னையில் வேலை: மொழி ஒன்று, பழக்கம் வேறு

கேள்வி: எனக்கு 27 வயது, சொந்த இடம் இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டன். சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மொழியும் சாமியும் ஒன்றுதானே, என்ன பயம் என்கிறார்கள் வீட்டில். எனக்கோ கலக்கமாக இருக்கிறது. எதற்குத் தயாராக வேண்டும்?

பதில்: உங்கள் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது, தங்கை. டுபாய்க்கோ கொரியாவுக்கோ போகிறவர் எல்லாமே புதிது என்ற எச்சரிக்கையோடு போகிறார். சென்னைக்குப் போகும் நம்மவர்களுக்கு அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. பேச்சு புரிவதால் மனிதர்களும் புரிந்துவிட்டார்கள் என்று நம்பிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் காரியாலயம். "நாளைக்குள் முடித்துவிடலாம்" என்று சக ஊழியர் சொன்னால், அதைப் பெரும்பாலும் நல்லெண்ணமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாக்குறுதி என்று எண்ணிவிடாதீர்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவே "முடியுமா?" என்று கேட்காதீர்கள். "இப்போது எந்த அளவில் இருக்கிறது? யாருடைய கையெழுத்து பாக்கி?" என்று கேளுங்கள். உண்மை நிலை அந்தப் பதிலில் தெரியும். பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். முகாமையாளரின் கருத்தில் பிழை கண்டால் கூட்டத்தில் சொல்லாமல், தனியே போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்தது கேள்விகள். கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்று பழகிய மறுநாளே கேட்பார்கள். அதில் பெரும்பாலும் அக்கறைதான் இருக்கும். சொல்ல விருப்பமில்லையென்றால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றலாம். யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாதியை அறியச் சுற்றிவளைத்துக் கேட்கும் கேள்வி மட்டும் வேறு. அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"இலங்கையா? யாழ்ப்பாணமா? அகதியாக வந்தீர்களா?" என்பதும் நிச்சயம் வரும். மலையகம் என்றொரு சமூகம் இருப்பதே அங்கே பலருக்குத் தெரியாது. எரிச்சல் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள், இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இணங்கியது என்று சொல்லுங்கள். அப்படி வந்து நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களைக் கேட்பவருக்கே தெரிந்திருக்கலாம். உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போன கிளை இருக்கக்கூடும். புறப்படுமுன் பாட்டியிடம் விசாரித்துப் பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் போய்வர ஒரு வீடு கிடைத்தால் அது பெரிய பலம்.

வீடு தேடும்போது மீன், இறைச்சி சமைப்பீர்களா என்று உரிமையாளர் கேட்கலாம். வீடு பிடித்துவிட்டதே என்பதற்காக மறைக்காதீர்கள். மாசிச் சம்பல் இடித்த அன்றே வாசனை மாடிப்படி இறங்கிவிடும். பிறகு தினமும் மனக்கசப்புத்தான். சமைப்பேன் என்று முதலிலேயே சொல்லி, ஒத்துக்கொள்பவரின் வீட்டையே எடுங்கள். பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அங்கே வழக்கம். அந்தப் பணத்தைத் தயாராக வைத்திருங்கள்.

மாதாமாதம் வரும் போயா (பௌர்ணமி) விடுமுறை அங்கே கிடையாது. ஊருக்கு வரும் நாட்களை ஆண்டின் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரச் சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். வேலைவாய்ப்பு விசா கட்டாயம். அது 180 நாட்களுக்கு மேற்பட்டதாக இருந்தால், பொதுவாக இந்தியா சேர்ந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். தங்குமிடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள் என்பதால், வாடகை ஒப்பந்தத்தை முதல் வாரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.