கல்லூரி கோச், என்.பி.ஏ. கோச்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அணிக்கு வீடியோ வெட்டிக் கொடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். இப்போது பள்ளிப் பையன்களுக்கு கூடைப்பந்து கோச். கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த கோச்சுகள், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போனதும் ஏன் தடுமாறுகிறார்கள் என்று பலர் தனித்தனியாகக் கேட்டதால், மொத்தமாக இங்கேயே பேசிவிடலாம். டிராஃப்ட் (என்.பி.ஏ. அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஜோசியம், பெட்டிங் இரண்டுக்கும் நான் ஆளில்லை.

பந்துப்பைத்தியம்: அதே பந்து, அதே வளையம். அப்படி என்ன பெரிய வித்தியாசம் அண்ணா?

விதிகளில் இருக்கும் வித்தியாசத்தை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஆண்கள் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. 48. பந்து கைக்கு வந்ததும் வளையத்துக்கு எறிய இருக்கும் நேரம், அதாவது ஷாட் கிளாக், கல்லூரியில் 30 நொடி, என்.பி.ஏ.வில் 24. அங்கே ஐந்து ஃபவுலில் வெளியே, இங்கே ஆறு. சீசனுக்கு முப்பத்துச் சொச்சம் ஆட்டம் ஆடுபவர்கள் திடீரென்று 82 ஆட வேண்டும்.

நிஜமான வித்தியாசம் அதிகாரத்தில்தான். கல்லூரியில் கோச் வீட்டுக்காரர், என்.பி.ஏ.வில் அவர் வீட்டோடு மாப்பிள்ளை. கல்லூரியில் பையனின் வீட்டுக்கே போய், அம்மாவிடம் பேசி, உதவித்தொகை கொடுத்துக் கூட்டிவருவது கோச். காலை எட்டு மணி வகுப்பில் அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று துணை கோச் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வருவார். இல்லையென்றால் மறுநாள் விடியற்காலையில் மொத்த அணியும் ஓடும். அவன் ஒருவனுக்காக எல்லோரும். என்.பி.ஏ.வில் அப்படி யாரையாவது ஓடச் சொல்லிப் பாருங்கள். நட்சத்திர ஆட்டக்காரரின் சம்பளம் கோச்சின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு, அதுவும் உத்தரவாதத்தோடு. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் மூட்டை கட்டுவது யார் என்று சொல்லவே வேண்டாம்.

பி.ஜே. கார்லெசிமோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸீட்டன் ஹால் என்ற சின்ன கல்லூரியை 1989 இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய், கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் தோற்ற மனிதர். 1997 டிசம்பரில், என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு அவர் கோச்சாக இருந்தபோது, பயிற்சியில் அணியின் ஆட்டக்காரர் லட்ரெல் ஸ்ப்ரீவெல் அவர் கழுத்தை நெரித்தார். அணி ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. மத்தியஸ்தரின் தீர்ப்பில் அது திரும்ப உயிர்பெற்றுவிட்டது. கோச்சின் கழுத்தை நெரித்தாலும் ஒப்பந்தம் சாகாத இடம் அது.

வளையம்99: பயிற்சி நேரத்தில் வித்தியாசம் உண்டா?

மலைக்கும் மடுவுக்கும். கல்லூரியில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று உச்சவரம்பு. குறைவு என்று அழுவார்கள், ஆனால் ஒரே ஒரு தடுப்பு அசைவை முழு மாலையும் சொல்லித்தர அது போதும். என்.பி.ஏ.வில் சீசன் தொடங்கிவிட்டால் பயிற்சிக்கே நாள் கிடைக்காது. வெளியூரில் ஹோட்டல் ஹாலில் நாற்காலிகளை ஓரம் தள்ளி, கார்ப்பெட்டில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஆட்டக்காரர்கள் செருப்போடு நடந்து பார்ப்பார்கள். சில நாள் பயிற்சி என்பதே அவ்வளவுதான். சொல்லித்தருவதில் கெட்டிக்காரரான கல்லூரி கோச்சுக்கு அங்கே கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும்.

கென்டக்கி ரசிகன்: பிட்டினோ பாஸ்டனில் ஏன் கவிழ்ந்தார்? கலிபாரியும் நெட்ஸில் மண்ணைக் கவ்வினாரே?

இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்கும் முன், ஆட்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பாருங்கள்.

ரிக் பிட்டினோ 1996இல் கென்டக்கி கல்லூரிக்கு தேசியப் பட்டம் வாங்கித் தந்துவிட்டு 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனபோது கோச் பதவி மட்டும் போதாது என்று அணித் தலைவர் பதவியையும் வாங்கிக்கொண்டார். அதுவரை அந்தப் பதவி செல்டிக்ஸின் பழம்பெரும் கோச் ரெட் ஆவர்பாக்கிடம் இருந்தது. பாஸ்டனில் அவர் யார் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். அந்த வருட டிராஃப்டில் எல்லோரும் கண்வைத்திருந்த டிம் டங்கன் கிடைப்பார் என்ற நம்பிக்கை பொய்த்து, கையில் 3வது, 6வது தேர்வுகள்தான் மிஞ்சின. மூன்றாவதாக எடுத்த சான்சி பில்லப்ஸை முதல் சீசன் முடியும் முன்பே டொரன்டோவுக்கு மாற்றிவிட்டார். கல்லூரி கோச்சின் கண்ணுக்கு, இப்போதே கைகொடுக்காத பையன் எப்போதும் கைகொடுக்க மாட்டான். அங்கே பையன் கையில் இருப்பது ஒன்றிரண்டு வருடம்தானே. கடைசியில் 102 வெற்றி, 146 தோல்வி, 2001 ஜனவரியில் ராஜினாமா.

அந்த பில்லப்ஸ்தான் 2004 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். டெட்ராய்ட்டில் அவருக்கு அப்போது கோச் லாரி பிரவுன், 1988இல் கேன்ஸஸுக்குக் கல்லூரிப் பட்டம் வாங்கித் தந்தவர். கல்லூரி, என்.பி.ஏ. இரண்டு பட்டத்தையும் வென்ற ஒரே கோச் அவர்தான்.

கல்லூரியிலிருந்து நெட்ஸ் அணிக்குப் போன ஜான் கலிபாரி? 72 வெற்றி, 112 தோல்வி, 1999இல் சீசனில் 3 வெற்றி, 17 தோல்வி என்ற நிலையில் வேலை போனது. ஆனால் நடுவில் 1998இல் 43 ஆட்டம் வென்று பிளேஆஃப் போனதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஈரோட்டு டங்க்: அப்படியானால் கல்லூரியிலிருந்து போன யாருமே தேறவில்லையா?

பிராட் ஸ்டீவன்ஸ் தேறினார். பட்லர் கல்லூரியை 2010, 2011 இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர், 2013இல் செல்டிக்ஸ். கத்தமாட்டார். அதுவே பாதி காரணம். ஃப்ளோரிடா கல்லூரியிலிருந்து போன பில்லி டொனவனும் தாக்குப்பிடித்தார், ஆனால் ஓக்லஹோமா சிட்டியில் முதல் வருடமே ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றும் வாரியர்ஸிடம் தொடரை இழந்து, அந்தக் கோடையிலேயே அணியின் நட்சத்திரம் கெவின் டுரான்ட்டும் போய்விட்டார். கல்லூரியில் நல்ல ஆள் போனால் இன்னொரு பையன் வீட்டுக் கதவைத் தட்டலாம். இங்கே டுரான்ட்டுக்குப் பதில் எந்தக் கதவைத் தட்டுவது?

யூகான் வெறியன்: டேன் ஹர்லி லேக்கர்ஸை ஏன் வேண்டாம் என்றார்?

கனெக்டிகட் (யூகான்) கல்லூரி கோச்சான அவருக்கு 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடமிருந்து ஆறு வருடத்துக்கு 7 கோடி டாலர் என்று அழைப்பு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தேசியப் பட்டம் வென்றிருந்தார். கனெக்டிகட்டில் அவர் சொன்னதுதான் சட்டம், கோட்டோரம் நின்று அவர் போடும் கூச்சலை லாஸ் ஏஞ்சலஸில் ஒருவரும் சகிக்க மாட்டார்கள். புத்திசாலித்தனமான முடிவு.

நிக்ஸ் பக்தன்: முழு மைதான பிரஸ் (எதிரணி பந்தை எடுத்ததுமே மைதானம் முழுக்க இரண்டு பேராகப் பாய்ந்து பொறிவைப்பது) என்.பி.ஏ.வில் எடுபடாது என்று நீங்கள் முன்பு எழுதியது தவறு. பிட்டினோ 1988-89இல் நியூயார்க் நிக்ஸை வைத்து அதைத்தான் ஆடினார். 52 வெற்றி!

வந்துவிட்டீர்களா. பின்னால் பேட்ரிக் யூயிங் நின்றால் நானும் பிரஸ் போடுவேன். முன்னால் இருப்பவன் ஏமாந்தாலும் வளையத்தில் ஏழடி ஆள் காத்திருக்கிறாரே. அந்த சீசனோடு பிட்டினோ கென்டக்கிக்குக் கிளம்பிவிட்டார், நாலு வருடம் இருந்திருந்தால் அந்தக் கால்கள் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்திருக்கலாம்.

வளையம்99: என்.பி.ஏ.வில் 8 நொடியில் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், கல்லூரியில் 10. அப்படிப் பார்த்தால் பிரஸ்ஸுக்கு என்.பி.ஏ.தானே வசதி?

இது நல்ல கேள்வி. காகிதத்தில் வசதிதான். ஆனால் கல்லூரியில் பந்தைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரிந்தவன் அணிக்கு ஒருவன், பத்தொன்பது வயது, இரண்டு பேர் பாய்ந்தால் பதறுவான். என்.பி.ஏ.வில் மைதானத்தில் நிற்கும் ஐந்து பேரில் நாலு பேருக்கு அது தெரியும். இரண்டு பேர் ஒருவனை வளைத்தால் ஒரே பாஸில் உடைத்துவிட்டு, மூன்று பேர் காக்கும் இடத்துக்கு நாலு பேராக வருவார்கள். இன்னொன்று, கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்தைத் தாண்டியதும் டிவிக்காக ஆட்டம் நிற்கும். மூச்சு வாங்க இலவச இடைவேளை.

நிக்ஸ் பக்தன்: 2025இல் இண்டியானா பேஸர்ஸ் முழு மைதானமும் துரத்தித்தானே இறுதித் தொடர் வரை போனார்கள்? எங்கள் நிக்ஸையே வீழ்த்தினார்கள்.

அது பிரஸ் இல்லை. ஒருவன் ஒருவனை 94 அடியும் ஒட்டிக்கொண்டு வருவது. பந்தைப் பிடுங்குவதற்கு அல்ல, 24 நொடியில் ஏழெட்டு நொடியைத் தின்பதற்கு. எதிரணி தன் ஆட்டத்தைத் தொடங்கும்போது கடிகாரத்தில் 16தான் இருக்கும். அதற்கு ரிக் கார்லைல் பெஞ்சிலிருந்து ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார். பொறிவைத்துப் பிடிக்கும் பிரஸ் வேறு, இது வேறு.

கோடம்பாக்கம் கார்டு: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கல்லூரி அணியில் பிரஸ் போடலாமா?

எட்டுப் பேராவது மூச்சு வாங்காமல் ஓடுவார்கள் என்றால் போடுங்கள் தம்பி. இல்லையென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் அழுவீர்கள்.

யூகான் வெறியன்2: ஹர்லி ஏன் லேக்கர்ஸுக்குப் போகவில்லை?

மேலே இருக்கிறது.

டியூக் தாசன்: எங்கள் டியூக் கல்லூரியின் கோச் கே (மைக் ஷஷெவ்ஸ்கி) என்.பி.ஏ.வுக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பாரா? ஒலிம்பிக்கில் அதே நட்சத்திரங்களை வைத்துத்தானே மூன்று தங்கம் வாங்கினார்?

2008, 2012, 2016. ஒவ்வொரு முறையும் எட்டு ஆட்டம், உலகத்திலேயே சிறந்த பன்னிரண்டு பேர். பிப்ரவரி மாதக் குளிரில், தோற்றுக்கொண்டிருக்கும் அணியை அடுத்த ஊர் விமானத்தில் ஏற்றுவது வேறு வேலை. 2004இல் லேக்கர்ஸ் கூப்பிட்டதற்கு அவரே மறுத்தார். நான் ஏன் அவருக்குப் பதில் போக வேண்டும்?

பழைய ஆள்: இந்த ஒப்பீடே பழசாகிவிட்டது என்று தோன்றவில்லையா? இப்போது கல்லூரிப் பையன்களும் காசு வாங்குகிறார்களே.

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மேலே சொன்ன வீட்டுக்காரர் அதிகாரம் பெரும்பாலும் காலியாகிவிட்டது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும், அந்தப் பயத்தில்தான் பையன்கள் கோச்சின் வசவைப் பொறுத்துக்கொண்டார்கள். 2018இல் கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021இல் ஒருமுறை தண்டனையில்லாமல் மாறலாம் என்றார்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கு சமரசமாகி, கல்லூரியே எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம்.

ஆக இன்றைய கல்லூரி கோச்சுக்கு என்.பி.ஏ.வின் தலைவலி எல்லாம் உண்டு, என்.பி.ஏ.வின் பாதுகாப்பு எதுவும் இல்லை. அங்கே ஒப்பந்தம் நாலு வருடம் என்றால் ஆட்டக்காரர் தன்னிஷ்டத்துக்குக் கிளம்ப முடியாது. இங்கே வருடா வருடம் மொத்த அணியும் எழுந்து போகலாம். 2024இல் கலிபாரி அர்கன்ஸாஸுக்கு வந்த அன்று, அணியைச் சந்தித்தேன், அணியே இல்லை என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த வாரத்தில் துணை கோச்சுகள் இரண்டு போனோடு உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றில் நம் பையனைத் தக்கவைக்கப் பேச்சு, இன்னொன்றில் அடுத்தவன் பையனின் ஏஜென்ட். டியூக் 2022லேயே கூடைப்பந்துக்கென்று தனி ஜெனரல் மேனேஜர் வைத்துக்கொண்டது. விர்ஜீனியாவின் டோனி பென்னட், 2018 தேசியத் தொடரில் கடைசித் தரமான 16ஆம் நிலை அணியிடம் 74-54 என்று தோற்று, மறுவருடமே பட்டம் வென்ற பொறுமைசாலி, 2024 அக்டோபரில் சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது போதும் என்று விலகினார். அந்தப் பொறுமைக்கு இப்போது இடமில்லை. நாலு வருடம் ஒரு பையனை வளர்த்து எடுக்கும் கோச்சுகள்தான் முதலில் போகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. பையன்களுக்குக் காசு கிடைப்பதில் துளியும் வருத்தமில்லை.

சேலம் சென்டர்: இந்தியாவில் இந்த மாதிரி ஆட்கள் வந்ததுண்டா?

ஸ்காட் ஃப்ளெமிங். அமெரிக்கச் சிறு கல்லூரியில் கோச்சாக இருந்தவர். 2014 ஆசியக் கோப்பையில், வூஹானில் வைத்தே சீனாவை 65-58 என்று இந்தியா வென்றபோது அவர்தான் கோச்.

பந்துப்பைத்தியம்: கோச் ஆக என்ன படிக்கணும் அண்ணா?

என்.பி.ஏ. பட்டம் வென்ற கோச்சுகளையே பாருங்கள். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா மயாமியில் வீடியோ அறையில் தொடங்கியவர். கிரெக் பாப்போவிச் முதன்முதலில் தலைமை கோச் ஆனது விளையாட்டு உதவித்தொகைகூட இல்லாத குட்டிக் கல்லூரியில். பெரிய பேர் பார்க்காமல் ஏதாவது ஒரு அணியில் சேர்ந்துகொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் தூக்கச் சொன்னாலும் சரி.

நிக்ஸ் பக்தன்: 52 வெற்றி என்பது 52 வெற்றிதானே?

யூயிங்.