சாட்டர்ன்: அடுத்த கார் எங்கே?

வணக்கம் சார்,

2003-இல் எம்.எஸ். படிக்க ஒஹாயோ வந்தேன். படிப்பு முடித்துக் கிளம்பிய சீனியர் ஒருவரிடம் 1,300 டாலருக்கு ஒரு கார் வாங்கினேன். 1996 மாடல் சாட்டர்ன் எஸ்.எல்.1, பச்சை நிறம், கியர் வண்டி. அவரும் அதைத் தன் சீனியரிடம்தான் வாங்கியிருந்தார். போனில் பெயரைச் சொன்னதும் அப்பா, "சனியா? வேற காரே கிடைக்கலையா?" என்றார். நான்கு வருடம் அந்த வண்டிதான் என்னைச் சுமந்தது. போன வாரம் ஒரு கடை வாசலில் அதே மாதிரி வண்டி ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். அதன் சொந்தக்காரர் வந்தார், அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார். கூட இருந்த நண்பர், "மட்டமான கார், அதனால்தான் கம்பெனியையே மூடினார்கள்" என்கிறார். மட்டமான காரைப் பற்றி ஒருவர் அரைமணி நேரம் இப்படிப் பேசுவாரா? இத்தனை பேர் விரும்பிய கம்பெனியை ஏன் மூடினார்கள்? அமெரிக்கக் கார்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கொலம்பஸ்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். அது சனி பகவானை நினைத்து வைத்த பெயர் இல்லை. அமெரிக்கர்களை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட்டை நினைத்து வைத்தது. விண்வெளிப் போட்டியில் ரஷ்யாவை முந்திய மாதிரி சிறிய கார்களில் ஜப்பானை முந்த வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் தொடங்கிய திட்டம் இது. சின்னத்தில் கிரகத்தின் வளையத்தை வரைந்தார்கள், அதனால் உங்கள் அப்பா நினைத்ததிலும் தப்பில்லை.

இனி உங்கள் கேள்வி. சாட்டர்னை மக்கள் விரும்பியது உண்மை. கார் சுமாரான கார் என்பதும் உண்மை. மூடியதற்குக் காரணம் இந்த இரண்டுமே இல்லை என்பதுதான் என் எண்ணம். வந்த வாடிக்கையாளருக்கு அடுத்து வாங்க ஒரு கார் இல்லாமல் போனது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் வலிக்கிற கதையும்கூட.

1985 ஜனவரியில் சாட்டர்னைத் தனிக் கம்பெனியாகவே பதிவு செய்தார்கள். ஷெவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், கேடிலாக் என்று கூட்டுக்குடும்பமாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு மட்டும் தனிக்குடித்தனம். தொழிற்சாலை, அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பக்கமே இல்லை. டென்னசி மாநிலத்தில் நாஷ்வில்லுக்குத் தெற்கே ஸ்பிரிங் ஹில் என்ற சின்ன ஊர். அங்கே என்ன செய்யலாம் என்று யோசிக்க நிர்வாகத்திலிருந்தும் தொழிற்சங்கத்திலிருந்தும் 99 பேரைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். அவர்கள் போட்ட திட்டத்தில்தான் பிறகு கார்த் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யூ. சங்கத்தோடு ஒப்பந்தம் வந்தது. தொழிலாளிக்கு மணிக்கூலிக்குப் பதில் மாதச் சம்பளம். அதில் ஒரு பகுதி பயிற்சியையும் தரத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். வேலைக்கு ஆள் எடுப்பதில் அந்தந்தக் குழுவுக்கே பங்கு உண்டு. நிர்வாகி உட்காரும் இடத்தில் பக்கத்திலேயே சங்கத்தின் ஆளும் உட்கார்ந்து முடிவெடுப்பார்.

காகிதத்தில் இதை யாரும் எழுதிவிடலாம். நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1991-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ராபர்ட் ஸ்டெம்பல் ஸ்பிரிங் ஹில்லுக்கு வந்தபோது தொழிலாளர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். கூலி உயர்வு கேட்டு இல்லை. உற்பத்தியைக் கூட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறீர்கள், தரம் கெடும் என்பதுதான் அவர்களுடைய புகார். வண்டி நன்றாக வர வேண்டும் என்று தொழிலாளி முதலாளியிடம் போராடிய இடம் அது. அமெரிக்கக் கார் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

முதல் கார் 1990 ஜூலை 30 அன்று வெளியே வந்தது. சிவப்பு நிறம். அப்போதைய தலைவர் ரோஜர் ஸ்மித்தும் சங்கத் தலைவர் ஓவன் பீபரும் அதில் ஏறி ஓட்டி வந்தார்கள். மறுநாள் ஸ்மித் ஓய்வு பெற்றார். சாட்டர்னுக்காக மேலிடத்தில் பேச இருந்த ஒரே பெரிய மனிதர், பிள்ளை பிறந்த மறுநாளே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பலதுக்கும் இதுதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கடைகளில் அப்போது திருவிழாதான். அமெரிக்காவில் கார் வாங்கப் போனால் பேரம் பேசியே பாதி உயிர் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். சாட்டர்னில் பேரமே கிடையாது. ஒட்டியிருக்கிற விலைதான் விலை, எல்லோருக்கும் ஒன்று. பிடிக்கவில்லையா, 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சாவி வாங்கும் நாளில் கடையில் இருக்கிற எல்லோரும், மெக்கானிக் உட்பட, வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கைதட்டுவார்கள். காரோடு சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுப்பார்கள்.

நான் முன்பு குடியிருந்த அடுக்ககத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். 1994 மாடல் எஸ்.எல்.2 வைத்திருந்தார். ஒருநாள் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார். நிறம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. நீலக் கார், பக்கத்தில் கறுத்த முடியோடு அவர், பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்ட ஏழெட்டுப் பேர். "என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் கைதட்டவில்லை" என்றார். சொல்லிவிட்டு முழங்காலால் கார்க் கதவை ஓங்கி இடித்தார். கதவு உள்ளே போய் டப்பென்று திரும்பி வந்தது. ஒடுக்கு இல்லை, கீறல் இல்லை. எத்தனை பேருக்கு அதைச் செய்து காட்டியிருப்பாரோ!

அந்தக் கதவு பிளாஸ்டிக். உள்ளே இரும்புக் கூடு, அதன்மேல் கதவுகளுக்கும் சக்கரங்களுக்கு மேலே வரும் பகுதிகளுக்கும் மட்டும் பாலிமர் தகடு. பானெட்டும் கூரையும் டிக்கியும் இரும்புதான். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் தகடுகளுக்கு நடுவில் இடைவெளியை அகலமாக விட்டிருந்தார்கள். ஹோண்டாவின் பக்கத்தில் நிறுத்தினால் அந்த இடைவெளி கண்ணுக்கு உறுத்தும். ஆனால் பதினைந்து வருடம் கழித்து ஹோண்டாவின் கதவு ஓரம் துருப்பிடித்திருக்கும், சாட்டர்ன் கதவு அப்படியே இருக்கும். ஒஹாயோவில் பனிக்கு உப்புக் கொட்டுவதை நான்கு வருடம் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டியைப் பற்றி அதை வைத்திருந்தவர்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். 1.9 லிட்டர் எஞ்சின், சத்தம் அதிகம், கரகரப்பாக ஓடும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் பெல்ட் மாற்றும் செலவில்லை. கியர் வண்டி என்றால் நெடுஞ்சாலையில் ஒரு காலன் பெட்ரோலுக்கு 40 மைல்வரை கொடுக்கும். ஆனால் ஆயில் குடிக்கும். பிஸ்டன் ரிங்குகளைச் சுற்றி ஆயில் திரும்பி வடிய வழி போதாமல், வயதான எஞ்சின் ஆயிலை எரித்துவிடும். அதனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பது சாட்டர்ன்காரர்களின் பழக்கம். டிக்கியில் எப்போதும் ஒரு ஆயில் பாட்டில் இருக்கும். அளவு குறையாமல் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு லட்சம் மைல் தாண்டினார்கள். பார்க்காதவர்களின் எஞ்சின் வழியில் நின்றது. உங்கள் நண்பருக்கு மட்டமாகத் தெரிவதும் ஆசிரியைக்குத் தங்கமாகத் தெரிந்ததும் ஒரே வண்டிதான்.

கம்பெனி நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 1991-இல் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தப்பாகக் கலந்து வந்துவிட்டது என்று தெரிந்தது. 1,800-க்கு மேற்பட்ட கார்கள். எஞ்சினை மாற்றித் தருகிறோம் என்று சொல்லவில்லை, காரையே மாற்றிப் புதுக் கார் கொடுத்தார்கள். 1993-இல் ஜெனரேட்டர் வயரிங்கில் தீப்பிடிக்கும் ஆபத்து என்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதுவரை விற்றதில் பெரும்பகுதி அது. வேறு கம்பெனியாக இருந்தால் பெயர் நாறியிருக்கும். பல டீலர்கள் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, வயரை மாற்றிக் காரைக் கழுவி அனுப்பினார்கள். 1994 ஜூனில் எல்லோரும் ஸ்பிரிங் ஹில்லுக்கு வாருங்கள் என்று அழைத்தபோது சுமார் 44,000 பேர் போனார்கள். தங்கள் கார் பிறந்த இடத்தைப் பார்க்க, செய்த ஆட்களைப் பார்க்க, குடும்பத்தோடு. நம் ஊரில் குலதெய்வம் கோவிலுக்குப் போவதுபோல என்று சொன்னால் அதிகமில்லை. அந்த வருடம் 2 லட்சத்து 86 ஆயிரம் கார் விற்றது. அந்த எண்ணிக்கையை அதற்குப் பிறகு சாட்டர்ன் தொடவே இல்லை.

ஏன் தொடவில்லை? அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1991-இல் இருபத்தெட்டு வயதில் இரண்டு கதவுக் கூபே வாங்கிய ஒருத்தி 1997-இல் திரும்ப வருகிறாள். இப்போது இரண்டு குழந்தைகள், கைவண்டி, டயப்பர் பை. அவளுக்கு வேறு கம்பெனி வேண்டாம், சாட்டர்ன்தான் வேண்டும். கடையில் இருப்பதோ அவள் ஓட்டி வந்த அதே அளவுக் கார், அதே எஞ்சின், மேலே மட்டும் கொஞ்சம் மாற்றம். பெரிய கார் இல்லை, வேன் இல்லை, எஸ்.யு.வி. இல்லை. விற்பனையாளர் அன்பாகப் பேசுகிறார், காப்பி கொடுக்கிறார், ஆனால் விற்க ஒன்றுமில்லை. அவள் டொயோட்டா கடைக்குப் போகிறாள். ஒரு முழுப் பத்தாண்டு இப்படிப் போனது.

புது மாடல் கொடுக்க மனமில்லையா, பணமில்லையா என்றால் இரண்டும்தான். 1992-இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிய நஷ்டம் 2,350 கோடி டாலர். ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவைக் கணக்கில் கொண்டுவந்த முறை மாறியதால் வந்தது அதில் பெரும்பகுதி. ஆனாலும் தொழிற்சாலைகளை மூடிக்கொண்டிருந்த நேரம் அது. "எங்கள் வீட்டில் அடுப்பெரியவில்லை, தனிக்குடித்தனத்துக்கு இன்னும் சீர் செய்கிறீர்களா?" என்று ஷெவர்லேயும் ஓல்ட்ஸ்மொபைலும் கேட்காமல் இருப்பார்களா? சங்கத்தின் தலைமையிலும் ஸ்பிரிங் ஹில் ஒப்பந்தத்தைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். சிறிய காரில் லாபம் வேறு குறைவு. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடும்பத்தில் வாடிக்கையாளர் கைதட்டி வரவேற்ற பிள்ளை அது ஒன்றுதான். அதைப் பட்டினி போட்டது பெரிய தப்பு.

கடைசியில் 2000 மாடலாக எல்-சீரிஸ் என்று ஒரு பெரிய கார் வந்தது. ஜெர்மனியின் ஓபெல் வெக்ட்ராவை அடியில் வைத்து டெலவேரில் செய்தது. ஸ்பிரிங் ஹில்லில் செய்த கார் இல்லை அது. ஹோண்டா அக்கார்டை விட்டுவிட்டு அதை வாங்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பிறகு வியூ என்ற எஸ்.யு.வி. அதில் ஒரு வகைக்குப் போட்ட சி.வி.டி. என்ற, படிப்படியான கியர்கள் இல்லாத கியர்பாக்ஸ் கெட்டுக் கெட்டு, வாரன்டியை நீட்டிக் கொடுக்கும்படி ஆனது. உங்கள் எஸ்.எல்.1-க்குப் பதிலாக வந்தது அயான் என்ற மாடல். அதன் சாவி சுவிட்ச் தளர்வாக இருந்து, ஓடும்போதே தானாக நழுவி எஞ்சின் அணையும், மோதினால் காற்றுப் பையும் விரியாது. ஷெவர்லே கோபால்ட் முதலிய வேறு கார்களிலும் இதே குறை. 2014-இல்தான் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சாட்டர்ன்மேல் எனக்கு இருக்கும் பிரியம் இந்த இடத்தில் செல்லாது. சுவிட்சின் குறை கம்பெனிக்குள் பல வருடம் தெரிந்தே இருந்தது. கூலன்ட் தப்பானதற்குக் காரையே மாற்றிக் கொடுத்த பெயரை ஒட்டிக்கொண்டு இப்படி ஒரு வண்டி ஓடியிருக்கிறது.

அதற்குள் சாட்டர்னில் சாட்டர்ன் என்று சொல்ல ஒன்றும் மீதியில்லை. 2003 முடிவில் ஸ்பிரிங் ஹில் தொழிலாளர்களே வாக்களித்துத் தனி ஒப்பந்தத்தைக் கைவிட்டு மற்ற தொழிற்சாலைகளின் ஒப்பந்தத்துக்குள் போனார்கள். 2007-இல் அங்கே சாட்டர்ன் செய்வது நின்றது. பிளாஸ்டிக் கதவும் போனது. அதே வருடம் ஆரா என்ற மாடல் வட அமெரிக்காவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. நல்ல கார்தான், ஆனால் வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபிறகு வந்த தபால் அது.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. பந்தயக் கார் உலகத்தின் ரோஜர் பென்ஸ்கி சாட்டர்னின் பெயரையும் கடைகளையும் வாங்க முன்வந்தார். கார் மட்டும் வேறு யாராவது செய்து கொடுக்க வேண்டும். பிரான்ஸின் ரெனோ கார் கம்பெனியோடு பேச்சு நடந்தது. செப்டம்பர் 30 அன்று ரெனோ மறுத்துவிட்டது, பென்ஸ்கி விலகினார். 2010 அக்டோபரோடு எல்லாம் மூடப்பட்டது. கவனியுங்கள், பென்ஸ்கி விலகிய நாளிலும் கடைகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், வாங்க வருபவர்களும் இருந்தார்கள். அப்போதும் இல்லாதது விற்பதற்கு ஒரு கார்தான்.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், அந்தக் கடை வாசல்காரரை மறுபடி பார்த்தால் என் சார்பில் ஒன்று கேளுங்கள். அந்த எஞ்சினில் கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சர் ஒன்று உண்டு. கம்பெனி போட்டதன் முனை பிளாஸ்டிக், நாளாக ஆக விரிசல் விட்டு, எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடிக்க ஆரம்பித்துவிடும். பித்தளை முனை வைத்த சென்சர் சில டாலருக்குக் கிடைக்கும், கால்மணி நேர வேலை. மாற்றிவிட்டாரா என்று கேளுங்கள். அரைமணி நேரம் பேசியவர் என்றால் எப்போதோ மாற்றியிருப்பார்.

அன்புடன்.