கணினி கேள்வி – பதில்: ஐந்தாவது நிலை எங்கே போனது?

கேள்வி: கடைப் பொருள்களின் வகைகளை மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளத்தில் ஐடி, பெயர், பேரன்ட் ஐடி (தாய் வகையின் ஐடி) என்று வைத்திருக்கிறேன். ‘மின்சாதனங்கள்’ என்றால் அதன் கீழுள்ள எல்லா உட்பிரிவுகளும் வரவேண்டும். நிலைக்கொரு ஜாயின் (அட்டவணை இணைப்பு) வீதம் நான்கு நிலை எழுதினேன். ஐந்தாவது நிலை விடுபடுகிறது. நெஸ்டட் செட்டுக்கு (ஒவ்வொரு வகைக்கும் இட, வல எண்கள் தந்து அடுக்கைக் குறிக்கும் முறைக்கு) மாறிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். அட்டவணை சரிதான், குவெரிதான் (தரவைக் கேட்கும் கட்டளை) மாற வேண்டும். கிடைத்த விடையிலிருந்தே அடுத்த நிலையைத் திரும்பத் திரும்பத் தேடும் ‘வித் ரிகர்சிவ்’ 8.0 பதிப்பில்தான் மைஎஸ்க்யூஎல்லுக்கு வந்தது. அது இல்லாத காலத்து யோசனையான நெஸ்டட் செட்தான் இன்னும் பலர் வாயில் இருக்கிறது. நெஸ்டட் செட்டில் படிப்பது வேகம். ஆனால் நடுவில் ஒரு வகையைச் செருகினால் அதற்கு வலப்புறமுள்ள எண்களையெல்லாம் திருத்தியாக வேண்டும்.

‘வித் ரிகர்சிவ்’ குவெரியின் முதல் பகுதி தொடக்க வகையை மட்டும் எடுக்கட்டும், நிலை 0. பிறகு ‘யூனியன் ஆல்’. இரண்டாம் பகுதியில் அட்டவணையின் பேரன்ட் ஐடியை சிடிஇ-யின் (‘வித்’ உருவாக்கும் தற்காலிக விடைத்தொகுப்பின்) ஐடியோடு ஜாயின் செய்து, நிலையில் 1 கூட்டுங்கள். புது வரிசை கிடைக்காதபோது தானே நின்றுவிடும். பேரன்ட் ஐடிக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் குறிப்பு) அவசியம். ஃபாரின் கீ (பேரன்ட் ஐடி உண்மையில் உள்ள வகையையே சுட்டவேண்டும் என்ற விதி) போட்டிருந்தால் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தானே உருவாக்கிவிடும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் உருவாக்காது.

‘மின்சாதனங்கள் / விளக்கு / எல்இடி’ என்று பாதையையும் சேர்த்துக் கட்டினால் ‘டேட்டா டூ லாங்’ (தரவு மிக நீளம்) பிழை வரலாம். நெடுவரிசையின் நீளத்தை மைஎஸ்க்யூஎல் முதல் பகுதியைப் பார்த்தே முடிவுசெய்கிறது. அங்கேயே பெயரை ‘கேஸ்ட்’ மூலம் சார்(1000), அதாவது 1000 எழுத்து நீளமுள்ள உரை ஆக்கிவிடுங்கள்.

1001 சுற்றுக்குப் பின் குவெரி அறுந்தால், பெரும்பாலும் ஒரு வகை தன் பேரனுக்கே பிள்ளையாகப் பதிவாகியிருக்கும். பிழைச்செய்தி சுற்று வரம்பைக் கூட்டச் சொல்லும், அதன்படி செய்யாதீர்கள். ‘யூனியன்’ என்று மாற்றினாலும் பயனில்லை, அது ஒன்றுபோன்ற வரிசைகளைத்தான் நீக்கும், நிலை எண் சுற்றுக்குச் சுற்று மாறுவதால் வரிசைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பேரன்ட் ஐடியை மாற்றும்போதே, புதிய பேரன்ட் அந்த வகையின் உட்பிரிவுகளில் ஒன்றா என்று பார்த்துத் தடுங்கள்.

கேள்வி: தாய் வகையை அழித்தால் கீழுள்ளவையும் தானே அழிய ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ போடலாமா?

பதில்: இன்னோடிபியில் அது 15 நிலைக்கு மேல் இறங்காது. அதைவிட, ஒரே தவறான டெலீட்டில் பாதி வகைகள் போய்விடும். ‘ரெஸ்ட்ரிக்ட்’ (உட்பிரிவு இருந்தால் அழிக்க விடாத விதி) போட்டு, உட்பிரிவுகளை முதலில் வேறு வகைக்கு மாற்றுங்கள்.