யாருடைய வீடு, எத்தனை வீடு?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன. உடைமையைக் காட்டும் ’ஸ், இரண்டு பேரை ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ போட்டு இணைக்கும்போது எங்கே போய் உட்கார வேண்டும்? அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி “ரவி’ஸ் அண்ட் மீனா’ஸ் ஹவுஸ் இஸ் நியர் தி டெம்பிள்” என்று எழுதியிருந்தாள். பாடத்தின்படி ரவியும் மீனாவும் அண்ணன் தங்கை, ஒரே வீடு. தப்பு என்று ஒரு மதிப்பெண் குறைத்தேன். அவளுடைய அப்பா வந்து ஏன் என்று கேட்கிறார். நான் செய்தது சரிதானா, ஐயா?
– ஆங்கில ஆசிரியை, விழுப்புரம்

அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் படித்த விதி இதுதான்: பொருள் இருவருக்கும் பொதுவானால் கடைசிப் பெயரோடு மட்டும் ’ஸ்; ஆளுக்கு ஒன்று தனித்தனியாக இருந்தால் இரண்டு பெயரோடும் ’ஸ். “ரவி அண்ட் மீனா’ஸ் ஹவுஸ்” என்றால் இருவரும் சேர்ந்து வாழும் ஒரே வீடு. “ரவி’ஸ் அண்ட் மீனா’ஸ் ஹவுசஸ்” என்றால் ரவிக்கு ஒன்று, மீனாவுக்கு ஒன்று. நல்ல விதி. பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆனால் மாணவி எழுதிய வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். ஹவுஸ் ஒருமை. வினையும் ‘இஸ்’. வீடு ஒன்றுதான் என்பதை அந்த இரண்டுமே சொல்லிவிடுகின்றன. ’ஸ் இரண்டு இடத்தில் இருப்பதால் பொருள் எங்கேயும் மாறவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பொதுவான ஒரு பொருளுக்கு இப்படி எழுதுவது உண்டு. முதல் வடிவம் கச்சிதமானது, இது கொஞ்சம் சுற்றி வருகிறது, அவ்வளவுதான்.

’ஸ்-இன் இடம் உண்மையிலேயே பொருளைத் தீர்மானிக்கும் இடம் வேறு. “ரவி அண்ட் மீனா’ஸ் சில்ட்ரன்”, “ரவி’ஸ் அண்ட் மீனா’ஸ் சில்ட்ரன்” இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சில்ட்ரன் பன்மைதான். ஒருமை பன்மை இங்கே கைகொடுக்காது. எனவே சுமை முழுவதும் ’ஸ் மேல் விழுகிறது. முதலாவதைப் படிப்பவர் ரவியும் மீனாவும் கணவன் மனைவி, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதில் ரவியின் பிள்ளைகள் வேறு, மீனாவின் பிள்ளைகள் வேறு. அண்ணன் தங்கையைப் பற்றி எழுதும்போது முதல் வடிவத்தைப் போட்டால் விபரீதமாகிவிடும். கல்யாணமும் இப்படித்தான். மணமகனும் மணமகளும் அவர்களே என்றால் “ரவி அண்ட் மீனா’ஸ் வெடிங்”. தனித்தனிக் கல்யாணம் என்றால் “ரவி’ஸ் அண்ட் மீனா’ஸ் வெடிங்ஸ்”.

வகுப்பில் இந்த மாதிரி வாக்கியங்களில் கண்டிப்பாக இருங்கள். மதிப்பெண் குறைப்பதானால் இங்கே குறையுங்கள்.

’ஸ் மீனாவோடுதானே ஒட்டியிருக்கிறது? அது எப்படி ரவியையும் சேர்த்துக் குறிக்கும்?
– இளங்கலை மாணவர், கோவை

தமிழிலும் இதைத்தானே செய்கிறோம்? “அப்பா அம்மாவின் சம்மதம்” என்கிறோம். ‘இன்’ உருபு அம்மாவோடு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, சம்மதம் இருவருடையது. உம்மைத்தொகையில் வேற்றுமை உருபு கடைசியில் ஒருமுறை வந்தால் போதும். நமக்குப் பழகிய வழிதான் இது.

ஆங்கிலத்தில் ஆதியில் இப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் உடைமை விகுதி அந்தந்தப் பெயர்ச்சொல்லின் உடம்போடு சேர்ந்தது. சொல்லை விட்டு நகராது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிடம்கூட, பாத் என்ற ஊரைச் சேர்ந்த பெண்மணியின் அன்பைச் சொல்லும்போது “தி ஒய்ஃப்’ஸ் லவ் ஆஃப் பாத்” என்ற அமைப்பு வருகிறது. விகுதி பெண்மணியோடு நிற்கிறது, ஊர்ப்பெயர் தொலைவில் தனியாகக் கிடக்கிறது. இன்றைக்கு அதையே “தி ஒய்ஃப் ஆஃப் பாத்’ஸ் லவ்” என்பார்கள். விகுதி சொல்லை விட்டுக் கழன்று, முழுத் தொடரின் வால்பகுதிக்குப் போய்விட்டது. “தி கிங் ஆஃப் இங்கிலாண்ட்’ஸ் டாட்டர்” என்றால் மகள் ராஜாவுக்குத்தான், இங்கிலாந்துக்கு அல்ல. “ரவி அண்ட் மீனா’ஸ்” என்பதும் அதே கணக்கு. ’ஸ் மீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் “ரவி அண்ட் மீனா” என்ற முழுத் தொடருக்குத்தான் சொந்தம். என்னைக் கேட்டால், இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு விதியை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

’ஸ்-இல் இருக்கும் அந்த மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) எழுத்தில் பிற்பாடு வந்தது. பிரெஞ்சு அச்சு வழக்கிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, விட்டுப்போன எழுத்தைக் காட்டத்தான் முதலில் பயன்பட்டது. உடைமைக்கு அது நிலைபெறக் காலம் பிடித்தது. பன்மை உடைமைக்கு இன்னும் தாமதம்.

வங்கிக்குக் கடிதம் எழுதினேன். எனக்கும் என் கணவருக்கும் பொதுவான கணக்கு. “மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ’ஸ் அக்கவுண்ட்” என்று எழுதியதைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். அப்படியானால் எப்படித்தான் எழுதுவது?
– இல்லத்தரசி, மதுரை

சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. முந்தைய பதிலில் சொன்ன தர்க்கத்தை அப்படியே பின்பற்றினால் நீங்கள் எழுதியதுதான் வரும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேச்சில் இதைச் சாதாரணமாகக் கேட்கலாம். ஆனால் எழுத்தில், அதுவும் வங்கிக் கடிதத்தில் வேண்டாம்.

தன்மை, முன்னிலை, படர்க்கைப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே சொந்த உடைமை வடிவம் இருக்கிறது: மை, யுவர், ஹிஸ், ஹெர். அவற்றின்மேல் ’ஸ் ஏறாது. எனவே இரண்டில் ஒன்று இப்படிப்பட்ட பெயரானால், கணக்கு பொதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் உடைமை வடிவம் வர வேண்டும்: “மை ஹஸ்பண்ட்’ஸ் அண்ட் மை அக்கவுண்ட்”. இங்கே ஹஸ்பண்ட் பின்னால் ’ஸ் விட்டுப்போனால் என்ன ஆகும்? “மை ஹஸ்பண்ட் அண்ட் மை அக்கவுண்ட்” என்றாகும். “என் கணவரும் என் கணக்கும்”! இரண்டு தனிப் பொருள். நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

“மைன் அண்ட் மை ஹஸ்பண்ட்’ஸ் அக்கவுண்ட்” என்றும் சிலர் எழுதுகிறார்கள். பேச்சு வழக்கு. மைன், யுவர்ஸ், ஹெர்ஸ் எல்லாம் பின்னால் பெயர்ச்சொல் வராத இடத்தில் தனியாக நிற்பவை.

இலக்கணம் சரியாக இருந்தாலும் “மை ஹஸ்பண்ட்’ஸ் அண்ட் மை” காதுக்குக் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தால் “தி ஜாயிண்ட் அக்கவுண்ட் ஹெல்ட் பை மை ஹஸ்பண்ட் அண்ட் மீ” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

விண்ணப்பப் படிவம் டைப் செய்கிறோம். “ஃபாதர் ஆர் ஹஸ்பண்ட்’ஸ் நேம்” போதுமா?
– டிடிபி மையம், திருநெல்வேலி

இரண்டிலும் ’ஸ் போடுங்கள்: “ஃபாதர்’ஸ் ஆர் ஹஸ்பண்ட்’ஸ் நேம்”. ‘ஆர்’ வந்தாலே இருவரும் சேர்ந்து நிற்கவில்லை, இவர் அல்லது அவர். ஆனால் நேம் ஒருமையிலேயே இருக்கட்டும். நிரப்பப்போவது ஒரு பெயரைத்தான். நடுவில் சாய்கோடு போட்டாலும் இதே விதி. “நைதர் ரவி’ஸ் நார் மீனா’ஸ்” என்பதற்கும் இதே.

கட்டுரைத் தலைப்பில் “தி ஹார்டி அண்ட் ராமானுஜன்’ஸ் ஃபார்முலா” என்று எழுதினேன். வழிகாட்டி ‘தி’யை அடித்துவிட்டார். ஏன்?
– முதுகலைக் கணித மாணவி, கும்பகோணம்

வழிகாட்டி செய்தது சரி. ஒன்று “ஹார்டி அண்ட் ராமானுஜன்’ஸ் ஃபார்முலா”, இல்லாவிட்டால் “தி ஹார்டி–ராமானுஜன் ஃபார்முலா”. ஒருவருடைய இயற்பெயரோடு ’ஸ் வந்தால் அதுவே ‘தி’ செய்யும் வேலையைச் செய்துவிடும். ’ஸ் போய்ப் பெயர் வெறும் அடைமொழியாக நின்றால் ‘தி’ திரும்பி வரும். 1729ஐயும் அப்படித்தான் “தி ஹார்டி–ராமானுஜன் நம்பர்” என்கிறோம்.

உங்கள் உதாரணமே இந்தப் பாடத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. எண் பிரிவினைகளுக்கான, அதாவது ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதற்கான சூத்திரம், ராமானுஜனும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் சேர்ந்து 1918இல் வெளியிட்டது. எனவே ஒரே ஒரு ’ஸ். ஆனால் 1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவருடையது மட்டுமே, பதில் ஹார்டியுடையது. அந்தக் கடிதங்களைச் சேர்த்துச் சொல்லும்போது “ஹார்டி’ஸ் அண்ட் ராமானுஜன்’ஸ் லெட்டர்ஸ்”. ஒரு ’ஸ் கூடக்குறைய ஆனால் சேர்ந்து செய்த வேலையும் தனித்துச் செய்த வேலையும் கலந்துபோகும். ராமானுஜன் விஷயத்தில் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது நமக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கேகே மருத்துவமனையின் பெயரில் “விமன்’ஸ் அண்ட் சில்ட்ரன்’ஸ்” என்று இரண்டு ’ஸ். மருத்துவமனை ஒன்றுதானே?
– செவிலியர், சிங்கப்பூர்

ஒன்றுதான். ஆனால் இங்கே ’ஸ் ‘சொந்தம்’ என்று சொல்லவில்லை, ‘இன்னாருக்கான’ என்கிறது. மகளிருக்கான பிரிவு ஒன்று, குழந்தைகளுக்கான பிரிவு ஒன்று. “விமன் அண்ட் சில்ட்ரன்’ஸ்” என்று இருந்தாலும் பிழை இல்லை. இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட இரட்டை வடிவம் உதவுகிறது.

பெயர்ப்பலகைகளை வைத்து இலக்கணம் படிக்கும்போது ஜாக்கிரதை. லண்டனில் “கை’ஸ் அண்ட் செயின்ட் தாமஸ்’” என்ற அமைப்பில் இரண்டு பெயருக்கும் மேற்குறி உண்டு, ஏனென்றால் அவை இரண்டு தனி மருத்துவமனைகள். முதலாவது 1721இல் தாமஸ் கை நிறுவியது. செயின்ட் தாமஸ் பின்னால் வெறும் குறிதான், இன்னொரு ‘ஸ்’ கிடையாது. அவர்கள் வழக்கம் அது. பாஸ்டனில் “பிரிகம் அண்ட் விமன்’ஸ்” என்ற மருத்துவமனை இருக்கிறது. இதில் பிரிகமுக்கு ’ஸ் இல்லை. 1980இல் பல மருத்துவமனைகள் ஒன்றானபோது, ஒன்றிலிருந்து குடும்பப்பெயரும் இன்னொன்றிலிருந்து மகளிரும் சேர்ந்து வந்த பெயர் அது. 1978இல் இரண்டு நண்பர்கள் தொடங்கிய “பென் அண்ட் ஜெர்ரி’ஸ்” ஐஸ்கிரீம்தான் பாடப்புத்தக விதிக்கு அச்சாகப் பொருந்துவது: இரண்டு பேர், ஒரே கடை, ஒரே ’ஸ்.

பள்ளியில் செயலாளரும் தாளாளரும் ஒருவரே. “தி செக்ரட்டரி அண்ட் கரஸ்பாண்டன்ட்’ஸ் சிக்னேச்சர்” சரியா?
– அலுவலக உதவியாளர், தஞ்சாவூர்

மிகச் சரி. ஒரு ‘தி’, ஒரு ’ஸ், ஒரு கையெழுத்து. ஆட்கள் இரண்டு பேரானால் எல்லாம் இரட்டிக்கும்: “தி செக்ரட்டரி’ஸ் அண்ட் தி கரஸ்பாண்டன்ட்’ஸ் சிக்னேச்சர்ஸ்”.

வாடகை ஒப்பந்தத்தில் “லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட்’ஸ் ரெஸ்பான்சிபிலிட்டீஸ்” என்று ஒரு தலைப்பு. இதில் வில்லங்கம் வருமா?
– ஆவண எழுத்தர், திருச்சி

தலைப்பு என்ற அளவில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பொறுப்புகள் இருவருக்கும் கூட்டானவை என்றுதான் அது முதலில் தொனிக்கும். மோட்டார் பழுது யார் பொறுப்பு என்று சண்டை வரும் நாளில் அந்தத் தொனி உதவாது. “லேண்ட்லார்ட்’ஸ் அண்ட் டெனன்ட்’ஸ்” என்று மாற்றலாம். அதைவிட நல்லது, உரிமையாளருக்கு ஒரு தலைப்பு, குடியிருப்பவருக்கு ஒரு தலைப்பு என்று இரண்டாகப் பிரிப்பது. ஒரு ’ஸ்-ஐ நம்பிப் பணத்தை வைக்காதீர்கள்.

“எ ஃப்ரெண்ட் ஆஃப் ரவி அண்ட் மைன்” என்று எழுதலாமா?
– ஐடி ஊழியர், ஓசூர்

ரவிக்கும் ’ஸ் கொடுத்துவிடுங்கள்: “எ ஃப்ரெண்ட் ஆஃப் ரவி’ஸ் அண்ட் மைன்”. பின்னால் பெயர்ச்சொல் இல்லாததால் இங்கே மைன்தான் வரும், மை வராது.